பெயருக்கு முன்னாலும் பின்னாலும்

அருள்மலருக்கு நிற்பதுதான் வேலை. காலை பத்து மணியிலிருந்து ஐந்தரை மணிவரை, நகரின் நடுவில் இருக்கும் அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடியில், உரோமர் கூடத்தில் நிற்பாள். கறுப்புக் கோட்டு, ரப்பர் அடிவைத்த சப்பாத்து, நெற்றியில் மிளகளவு சிவப்புப் பொட்டு. வீடு இருக்கும் ரெக்ஸ்டேலில் இருந்து ஒரு பஸ், பிறகு சுரங்க ரயில், மொத்தம் எழுபது நிமிடம். பதினாறு வருடமாக இதே பயணம். வருகிறவர்கள் அவளிடம் அதிகம் கேட்பது கழிவறை எந்தப் பக்கம் என்று. அவள் அவர்களிடம் அதிகம் சொல்வது தொடாதீர்கள் என்று.

கூட்டம் எப்போதும் பேரரசர்களின் தலைகளைச் சுற்றித்தான் நிற்கும். அருள்மலரின் மூலை யன்னலுக்கும் தீயணைப்புக் கருவிக்கும் இடையில் இருக்கிறது. அங்கே சுவரில் ஒரு சலவைக்கல் பலகை மட்டும். தாம்பாளம் ஒன்றின் அளவு இருக்கும். ஒரு மூலை உடைந்துவிட்டது. அதன் கீழிருந்த குறிப்பை அவள் வேலைக்கு வந்த முதல் வாரமே எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள். பிளெபியன் குடும்பம் ஒன்றின் கல்லறைப் பலகை. எண்ணெய் விற்றவர்கள். இந்தக் குடும்பத்தைப் பற்றி வேறெங்கும் ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

“பிளெபியன் எண்டா என்ன பிள்ளை?” என்று வீட்டுக்கு வந்து மகள் சிவானியிடம் கேட்டாள். சிவானி அப்போது எட்டாம் வகுப்பு.

“ஜஸ்ற் நோர்மல் பீப்பிள் அம்மா. பெரிய குடும்பத்து ஆக்கள் இல்லை. எங்களை மாதிரி.”

“நாங்கள் என்ன, குறைஞ்ச ஆக்களோ?”

“ஐ டிடிண்ட் சே தற்.”

பலகையில் ஐந்து பெயர்கள். தகப்பன் மாக்கஸ் வெலோனியஸ். மூத்த மகன் குவின்ரஸ். இளையவன் லூசியஸ். மகளுக்குத் தனியாக ஒரு பெயர் இல்லை; வெலோனியஸ் வீட்டுப் பெண் என்பதால் வெலோனியா. கடைசியில் தாய் ஹிலாரா. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவளாம். கல்லை நாட்டியவளும் அவள்தான். தனக்கும் தன்னுடையவர்களுக்கும் என்று வெட்டச் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் ஒருவரும் பதவிக்கு வரவில்லை, போர் வெல்லவில்லை, பாட்டுக் கட்டவில்லை. எண்ணெய் விற்றார்கள், செத்தார்கள். பெயர்கள் வெளியில் வந்தது அந்தச் சாவினால்தான்.

பெயர்களுக்கு முன்னால் சின்னக் குறிகள் உண்டு. இறந்தவருக்கு ஒரு வட்டமும் அதற்குள் ஒரு கோடும். கல் வெட்டிய நாளில் உயிரோடு இருந்தவருக்கு, இரண்டு விரலை விரித்துப் பிடித்ததுபோல ஓர் எழுத்து. தகப்பனுக்கும் மகளுக்கும் வட்டம். மூத்தவனுக்கும் தாய்க்கும் விரல்கள். அவர்கள் செத்த பிறகு யாரும் வந்து குறியை மாற்றவில்லை. அதனால் ஹிலாரா அந்தக் கல்லில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள்.

பக்கத்துக் கூடத்தில் கிரேக்கச் சாடிகளுக்குக் காவல் நிற்பவன் மாக்கஸ். மன்னார்க்காரன். இடைவேளையில் இந்தப் பக்கம் வந்தால் கல்லை ஒருமுறை பார்க்காமல் போகமாட்டான்.

“அருளக்கா, என்ரை பேருக்கு முன்னாலை செத்த குறி போட்டுக் கிடக்கு. இனிச் சம்பளம் வராதோ?”

“நீர் நிண்டுகொண்டு நித்திரை கொள்ளுறதைப் பாத்துத்தான் போட்டிருப்பினம்.”

ஆனால் லூசியசைப் பற்றி அவர்கள் பகிடி விடுவதில்லை. லூசியசின் பெயருக்கு முன்னால் வட்டமும் இல்லை, விரல்களும் இல்லை. வெறும் கல். கல்வெட்டியவரின் கவனக்குறைவாக இருக்கலாம் என்கிறது குறிப்பு. அருள்மலர் அதை நம்பவில்லை. ஐந்து பேரில் நாலு பேருக்கு ஒழுங்காக வெட்டியவன், ஒருவனுக்கு மட்டும் மறப்பானா? உளியோடு உட்கார்ந்திருந்தவன் தாயிடம் கேட்டிருப்பான்: இவன் இருக்கிறானா, இல்லையா? தாய் பதில் சொல்லியிருக்கமாட்டாள். அவன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பான்.

அருள்மலரின் கணவன் அன்புராசா யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றில் முகாமையாளராக இருந்தவன். 1996 ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனான். வழியில் இராணுவத்தினர் மறித்து இறக்கியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். மூன்றாம் நாள் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கைபிடியில் சாப்பாட்டுப் பை தொங்கியது. ஆளைப் பற்றிக் கேட்ட இடமெல்லாம் அப்படி ஒருவர் வரவேயில்லை என்றார்கள். சிவானிக்கு அப்போது ஒன்றரை வயது. நாலு வருடம் அலைந்துவிட்டு அருள்மலர் கனடாவுக்கு வந்தாள். முதலில் பார்க்டேலில் ஒரு அறை, பிறகு ரெக்ஸ்டேல். பொட்டை ஒருநாளும் எடுக்கவில்லை. அதைப் பற்றி யாருடனும் வாதாடியதும் இல்லை.

மாமனார் தில்லையம்பலம் பிறம்ரனில் மூத்த மகன் இராஜரட்ணத்தோடு இருந்தார். தொண்ணூற்றொரு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அருள்மலர் போய் அவருக்கு நகம் வெட்டிவிடுவாள். கண் தெரியாது போன பிறகும் அவர் ஒரு விசயத்தில் உறுதியாக இருந்தார்: “நான் இருக்குமட்டும் அன்புவுக்கு ஆரும் எள்ளுந் தண்ணியும் இறைக்கப்படாது.” அவர் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியப் போய்ச் சேர்ந்தார். அன்று பின்னேரமே இராஜரட்ணமும் மனைவி மங்கையற்கரசியும் அருள்மலரின் வீட்டுக்கு வந்தார்கள். இராஜரட்ணம் கையில் மரண அறிவித்தல். கொப்பித் தாளில், தன் அழகான எழுத்தில் எழுதியிருந்தார்.

“வாசிச்சுப் பாரும். பேருகள் விடுபட்டிருந்தாச் சொல்லும்,” என்று தாளைக் குசினி மேசையில் வைத்தார்.

அருள்மலர் பென்சிலோடு வாசித்தாள். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், பிறம்ரனை வதிவிடமாகவும். காலஞ்சென்ற நாகம்மாவின் அன்புக் கணவரும். எல்லாம் சரி. அடுத்த வரியில் பென்சில் நின்றது. இராஜரட்ணம் (கனடா), காலஞ்சென்ற அன்புராசா, கமலேஸ்வரி (பிரான்ஸ்) ஆகியோரின் பாசமிகு தந்தையும்.

“அத்தான், இந்தச் சொல்லு வேண்டாம்.”

இராஜரட்ணம் இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். “இருபத்தெட்டு வருசம், அருள். நானும் அவன்ரை கூடப்பிறந்தவன்தான். எனக்கென்ன ஆசையே?”

“சாமத்தியவீட்டுக்குப் போனாலும் சனம் கேக்குது, செத்தவீட்டுக்குப் போனாலும் கேக்குது,” என்றாள் மங்கையற்கரசி. “பொட்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. அது உம்மடை விருப்பம். இது நோட்டீசு.”

“பொட்டைப் பற்றி நானும் கதைக்கேல்லை அக்கா. நீங்கள்தான் கதைக்கிறியள்.”

மங்கையற்கரசி தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள்.

இராஜரட்ணம் குரலைத் தணித்தார். “எனக்கு அறுபத்தாறு நடக்குது. இரண்டு ஸ்ரென்ற் வைச்ச நெஞ்சு. நான் போனா அவனுக்கு ஆர் செய்யிறது? ஐயாவும் தான் இருக்குமட்டும் வேண்டாமெண்டார். விட்டன். இப்ப ஐயாவின்ரை காரியத்தோடை அவனுக்கும் ஒரு பிண்டம் வைச்சா என்ரை மனம் ஆறும். நோட்டீசிலை ஒரு மாதிரியும் ஐயரிட்டை வேறை மாதிரியும் சொல்லேலுமே?”

அவர் சொல்வதில் பிழை இல்லை என்று அருள்மலருக்குத் தெரியும். தம்பிக்காக அவர் அலைந்ததையும் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தச் சொல்லை அச்சில் போட்டால், அதைப் போட்டது அவள். மறித்தவர்கள் இருபத்தெட்டு வருடமாகச் சொல்லாத ஒன்றை, அவர்களுக்குப் பதிலாக அவளே சொல்லிவிட்டதாக ஆகும்.

பென்சிலால் அந்தச் சொல்லை வெட்டினாள்.

“அப்ப இடம் என்ன போடுறது?” என்றார் இராஜரட்ணம். “இருக்கிற ஆக்களுக்கெல்லாம் பின்னாலை இடம் போடவேணும். கனடா, பிரான்ஸ். இவனுக்கு?”

“இடமும் வேண்டாம்.”

“முன்னாலையும் ஒண்டுமில்லை, பின்னாலையும் ஒண்டுமில்லை. பாக்கிறவன் பிழை விட்டிட்டினம் எண்டெல்லோ நினைப்பான்.”

“நினைக்கட்டும். எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானே அத்தான்.”

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வாசலில் சப்பாத்து மாட்டும்போது, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நோட்டீசிலை விடுறன். ஆனா முப்பத்தொண்டுக் காரியத்திலை ஐயர் கேக்கேக்கை அவன்ரை பேரையும் சொல்லத்தான் போறன். அதைத் தடுக்காதேயும்.”

அவள் அவர்களுக்கு வாசல் விளக்கைப் போட்டுவிட்டாள்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனாள். பதினொரு மணி இடைவேளையில், ஊழியர் அறையில் இருந்து போனைத் திறந்தாள். அறிவித்தல் இணையத்தில் வந்துவிட்டது. மாமாவின் படம், கீழே பூமாலைக் கரை. வரிகளில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

இராஜரட்ணம் (கனடா), அன்புராசா (கனடா), கமலேஸ்வரி (பிரான்ஸ்).

அவள் அதை உடனே பிழை என்று நினைக்கவில்லை. ஒரு கணம், மிஞ்சிப் போனால் இரண்டு கணம், அன்புராசா கனடாவில் இருந்தான். அவனுக்கு எந்த அளவுக் கோட்டு வாங்க வேண்டும் என்று மனம் கணக்குப் பார்த்தது. மீடியம் போதும், தோள் அகலம் குறைவு. பிறகுதான் மற்றதெல்லாம் திரும்பி வந்தது.

போன் அடித்தது. இராஜரட்ணம்.

“என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர்? நீர் சொல்லித்தானே போட்டவங்கள்?”

“நான் சொல்லேல்லை அத்தான்.”

“பிரான்சிலை இருந்து கமலேஸ் எடுத்து அழுகிறாள், சின்னண்ணா எப்ப வந்தவர் எண்டு. நான் என்ன சொல்லுறது? உம்மடை பிடிவாதத்துக்கு எல்லாரையும் விசராக்காதேயும்.”

அவர் போனை வைத்துவிட்டார். அவள் அறிவித்தலின் அடியில் இருந்த அலுவலக இலக்கத்துக்கு எடுத்தாள். கிருபன் என்று ஒரு இளைஞன் பேசினான். பதற்றப்படாத, பழகிய குரல். ஒரு நாளைக்குப் பத்துச் சாவை அச்சுக்கோக்கிறவன் என்று குரலிலேயே தெரிந்தது.

“நான்தான் போட்டனான் அக்கா. எல்லாருக்கும் இடம் இருந்துது, இவருக்கு மட்டும் இல்லை. எழுதினவர் விட்டிட்டார் எண்டு நினைச்சன். தொடர்பு நம்பர் எல்லாம் கனடாவாக் கிடந்துது. சொறி அக்கா. இப்ப மாத்துறன். எந்த நாடு?”

“நாடு இல்லைத் தம்பி.”

“ஓ. அப்ப காலஞ்சென்ற எண்டு போடட்டே?”

“அதுவும் இல்லை.”

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. “அக்கா, கோவிக்கக் கூடாது. ஆள் இருக்கிறாரோ, இல்லையோ? ஒண்டைச் சொன்னீங்களெண்டா நான் சரியாப் போட்டுவிடுவன்.”

கல்வெட்டியவனும் இப்படித்தான் மரியாதையாகக் கேட்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. உளியைக் கீழே வைத்திருப்பான்.

“தெரியாது தம்பி. தொண்ணூற்றாறிலை வேலைக்குப் போனவர். அதுக்குப் பிறகு எங்களுக்கு ஒண்டும் தெரியாது. பேரை மட்டும் போடும். முன்னாலையும் பின்னாலையும் வெறுமையா விடும். வேறை ஆராவது பாத்துப் பிழையெண்டு திருத்தச் சொன்னாலும் விடாதேயும்.”

“விளங்குது அக்கா,” என்றான் கிருபன். சிறிது நேரம் கழித்து, “இப்ப பாருங்கோ. மாத்திட்டன்,” என்றான்.

அவள் பார்த்தாள். மாற்றியிருந்தான். கூடத்துக்குத் திரும்பியபோது மாக்கஸ் அவள் மூலையில் நின்றான்.

“எங்கை அக்கா போனீங்கள்? ஒரு பொம்பிளை கல்லைத் தொடப் பாத்திட்டா.”

“எந்தப் பேரை?”

“அதை ஆர் பாத்தது? தொடாதேங்கோ எண்டன்.” பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, “இருங்கோ, கதிரை எடுத்துக்கொண்டு வாறன்,” என்றான். நிற்கும் வேலையில் கதிரைக்கு அனுமதி இல்லை. கொண்டு வந்தான்.

சனிக்கிழமை மாமாவின் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். இறுதிச்சடங்கு மண்டபத்தில் முந்நூறு பேருக்குக் குறையாது. வாசலில் இராஜரட்ணம் வேட்டியோடு நின்று வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல அவர் ஆயத்தமாகத்தான் இருந்தார். தம்பியைப் பற்றிக் கேட்டால், அவன் செத்துக் கனகாலம் என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவது. மங்கையற்கரசிக்கும் அதைச் சொல்லி வைத்திருந்தார்.

இரண்டு மணியளவில் ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். அன்புராசாவோடு அதே சங்கக்கடையில் கணக்கராக இருந்தவர். இப்போது மொன்றியலில். ஆறு மணித்தியாலம் மகனின் காரில் வந்திருந்தார். தடியை ஊன்றிக்கொண்டு நேரே இராஜரட்ணத்திடம் போனார். செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

“எங்கை அவன்?”

“ஆர் அண்ணை?”

“அன்புராசா. புதன்கிழமை நோட்டீசிலை பாத்தன். கனடா எண்டு கிடந்துது. பொடியனைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தனான். எப்ப வந்தவன்? எங்கை நிக்கிறான்?”

அவருடைய வாய் சிரித்தபடி இருந்தது. மண்டபத்துக்குள் கண் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு கதிரை தள்ளி இருந்த அருள்மலர் எல்லாவற்றையும் கேட்டாள். இராஜரட்ணம் சொல்லப்போகும் வசனம் அவளுக்குத் தெரியும். இந்த மனிதருக்கு அதைச் சொன்னால் அது சொல்லி முடிந்ததாகிவிடும்.

இராஜரட்ணம் வாயைத் திறந்தார். கிழவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அது பிழையாப் போட்டிட்டினம் அண்ணை,” என்றார் கடைசியில். “திருத்தியாச்சு.”

“அப்ப?”

“ஒண்டும் தெரியாது அண்ணை. அண்டைக்கு மாதிரித்தான். இண்டைக்கும் ஒண்டும் தெரியாது.”

ஸ்ரீஸ்கந்தராசா தலையை ஆட்டினார். “நானும் வழி முழுக்க யோசிச்சுக்கொண்டுதான் வந்தன். இருந்தாலும் பாப்பம் எண்டு வந்தனான்.” பிறகுதான் செத்தவர் இருந்த பக்கம் போனார்.

தேத்தண்ணி மேசைக்கருகில் இராஜரட்ணம் அருள்மலரிடம் வந்தார். கையில் இரண்டு கடதாசிக் கோப்பைகள். ஒன்றை அவளிடம் நீட்டினார்.

“புதன்கிழமை உம்மைப் பேசிப்போட்டன்.”

“பரவாயில்லை அத்தான்.”

“எனக்கும் காலமை அதைப் பாத்தவுடனை…” அவர் கோப்பையைப் பார்த்தார். “கராச்சுக்கு மேலை இருக்கிற அறையை ஒதுக்கிக் குடுக்கலாம் எண்டு யோசிச்சன். அவனுக்கு. என்ன விசர் பாருமன்.”

“நான் கோட்டு அளவு பாத்தனான்,” என்றாள் அருள்மலர்.

இருவரும் தேத்தண்ணியைக் குடித்தார்கள். அது ஆறிப்போயிருந்தது.

முப்பத்தோராம் நாள் காரியம் கோயில் மண்டபத்தில் நடந்தது. ஐயர் தர்ப்பையை இராஜரட்ணத்தின் விரலில் மாட்டிவிட்டுப் பெயர்களைக் கேட்டார். இராஜரட்ணம் தகப்பன் பெயர் சொன்னார். பாட்டன் பெயர், பூட்டன் பெயர் சொன்னார். பெண்கள் பக்கத்தில் அருள்மலர் மடியில் கையை வைத்தபடி இருந்தாள். தடுப்பதில்லை என்று அவள் தனக்குள் முடிவு செய்துதான் வந்திருந்தாள். அவருக்கும் உரிமை இருக்கிறது. அவர் சொன்னால் சொல்லட்டும்.

“வேறை ஆரும் இருக்கினமோ?” என்றார் ஐயர்.

இராஜரட்ணம் எள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கையற்கரசி கணவனைப் பார்த்தாள், பிறகு அருள்மலரைப் பார்த்தாள்.

“இப்போதைக்கு இவ்வளவுந்தான் ஐயா,” என்றார் இராஜரட்ணம்.

ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது சிவானி கார் ஓட்டினாள். பல் வைத்தியசாலை ஒன்றில் வேலை. மத்தியானத்துக்குப் பிறகு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நெடுஞ்சாலையில் லொறிகள் நெருக்கிக்கொண்டு போயின.

“பெரியப்பா சொல்லுவார் எண்டு நினைச்சன்,” என்றாள் சிவானி. “ஐ வாஸ் ரெடி.”

“நானும்தான்.”

கொஞ்சத் தூரம் போனபின் அருள்மலர் சொன்னாள்: “என்ரை நோட்டீசை நீதான் எழுதவேணும்.”

“அம்மா, ப்ளீஸ். நொற் இன் த கார்.”

“கேள். அப்பாவின்ரை பேருக்கு முன்னாலை என்ன போடுறதெண்டு அப்ப நீ யோசி. நான் இருக்குமட்டும் அது என்ரை வேலை. பிறகு உன்ரை.”

நெடுஞ்சாலையின் வெளிவழியால் இறங்கிச் சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் சிவானி கேட்டாள்: “எனக்கும் தெரியாட்டி?”

“அப்ப ரெண்டு பக்கமும் வெறுமையா விடு.” அருள்மலர் தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பைக் கீழிறக்கி, அதன் கண்ணாடியில் பொட்டு அழிந்திருக்கிறதா என்று பார்த்தாள். “ஆனா, போடுறவனுக்கு முதலே போன் அடிச்சுச் சொல்லிப்போடு. இல்லாட்டி அவன் ஒரு நாட்டைக் குடுத்துவிடுவான்.”